டாக்டரம்மா அனுப்பிய ஆள்

என் முன்கோபக்கார அக்காவுக்கு,

கடற்கரைக் கன்னியப்பன் வந்திருந்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் சிவப்பு மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வீட்டில் எல்லாரும் சௌக்கியம். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கன்னியப்பன்.

மாசி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். காலையில் களத்தில் வேர்க்கடலையைப் பரப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மீன் வேன் வந்து நின்றது. நம் காவாந்தண்டலத்தில் மீன் வேனுக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தால், அவன் இறங்கி நிற்கிறான். அதே பச்சைத் துண்டு, அதே சிரிப்பு. சௌக்கியம்கூட விசாரிக்கவில்லை.

"அண்ணே, ஓங்கில் ஒண்ணு ஒதுங்கிக்கீது. நம்ம முகத்துவாரத்துலதான். தள்ளி வுடல அண்ணே, அம்மா வந்து சொல்ற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிக்கீறேன். அம்மா கீறாங்களா?"

நான் என்ன சொல்லுவேன், சொல்லு. நீ ஆவணியில் போனபோது மாகறலுக்கு ஆள் அனுப்பினேன், திருமுக்கூடலுக்கு அனுப்பினேன், உத்திரமேரூரில் உன் மாட்டாஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொன்னேன். ஆகாதவர்களுக்குக்கூடச் சொல்லி அனுப்பினேன். கடற்கரைக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை? அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை என்பதாலா? இல்லை, அங்கேயாவது நீ இருந்துவிட்டுப் போ என்று நினைத்தேனா? எனக்கே புரியவில்லை.

'அக்கா இல்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இரு, பையை எடுத்துக்கினு வரேன்" என்று வந்தது. உள்ளே போனேன். கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் அந்தத் தோல் பை இன்னும் தொங்குகிறது. எடுத்தேன். வேனில் ஏறினேன். பைத்தியக்காரன் என்று நீ திட்டுவது கேட்கிறது. திட்டு. ஆனால் என் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

வேன் போன வழியெல்லாம் நான் பழையதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ எப்போதும் உன் பக்கமாகவே சொல்லுவாய், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்த ஒரு தடவை என் பக்கத்தைக் கேள்.

கோமாரி ஊசி போடும் கேம்ப்புக்கு உன்னைக் கடற்கரைப் பக்கம் போட்டிருந்தார்கள். பஸ் சரியில்லை என்று நான்தான் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். மாட்டு டாக்டர் ஒரு பொம்பளையா என்று அங்கேயும் வேடிக்கை பார்த்தார்கள். நம் பாலாறு கடலில் போய்ச் சேரும் இடம் அது. நம் ஊர்ப் பக்கம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு, அங்கே குளம்போல உப்புத் தண்ணீரோடு நின்றது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்மேடு. அந்த மேட்டில் ஒரே கூட்டம். கறுப்பாக, பளபளவென்று, ஒரு எருமைக் கிடேரி நீளத்துக்கு ஏதோ கிடந்தது. டால்பின் என்று நீ சொன்னாய். ஓங்கில் என்று அவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் அதைக் கடலுக்குள் தள்ளினார்கள். அது திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினார்கள், மறுபடியும் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, வலைக்குள் மீனை விரட்டித் தரும் சாமி அது, கரையில் சாகக் கூடாது என்று பதறினார்கள். நானும் சும்மா நிற்கவில்லை. படுத்த மாட்டை எழுப்பி எழுப்பிப் பழகிய கை இது. நேரே போய் வாலைப் பிடித்து முறுக்கினேன். விட்டது பார் ஒரு அடி! மணலில் போய் மல்லாக்க விழுந்தேன். அந்தக் கூட்டத்தில் முதலில் சிரித்தது நீதான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சிரித்து முடித்து நீ அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். வால் பக்கம் வலைக் கயிறு அறுத்த புண். தலை உச்சியில் ஒரு துளை, அது திறந்து திறந்து மூடிற்று. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நிமிர்ந்து ஒரு அதட்டல் போட்டாய்.

"தள்ளாதீங்க. இது வழி தவறி வரல. ஒடம்பு முடியாம, தண்ணில முங்கிடுவோமோன்னு பயந்து தரையைத் தேடி வந்துக்கீது. படுத்த மாட்டை எழுப்பி ஏர்ல கட்டுவீங்களா? தெம்பு வராம எதையும் அனுப்பக் கூடாது."

பேச்சு பெரிதாக இருந்ததே தவிர, உனக்கும் ஒன்றும் தெரியாது. அதை என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாய். மாடு தெரியும், ஆடு தெரியும், குதிரைகூட மெட்ராஸில் படித்தாய், இதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்றாய். அப்படியும் கவிழ்ந்த மாட்டுக்கு முட்டுக் கொடுப்பதுபோல இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை வைத்து நிமிர்த்திப் படுக்க வைத்தாய். துடுப்பு மடங்காமல் இருக்க மணலைத் தோண்டினாய். நான் வெயிலுக்கு ஈரச் சாக்கு போர்த்தினேன், எருமைக்குப் போர்த்துகிற மாதிரி தலையோடு சேர்த்து. என் கையில் படார் என்று ஒரு அடி விழுந்தது. "அது மூக்குடா, கபோதி!" உச்சந்தலையில் மூக்கு இருக்கும் என்று நான் கண்டேனா?

அதோடு விட்டேனா? உப்புத் தண்ணீர் புண்ணில் பட்டால் எரியுமே, பாவம் என்று ஊருக்குள் போய்க் கிணற்றுத் தண்ணீர் இறைத்து இரண்டு குடம் கொண்டுவந்து அதன் புண்மேல் ஊற்றினேன். கன்னியப்பன் அப்போதுதான் அறிமுகம். "அண்ணே, அது பொறந்ததே உப்புலதான்" என்று சொல்லிவிட்டு மணலில் விழுந்து விழுந்து சிரித்தான். நீ சிரிக்கவில்லை. குடத்தை வாங்கி என் தலையில் மிச்சத்தை ஊற்றினாய். வெயிலுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம் கட்டுமரத்துப் பாய்த் துணியில் தூளி கட்டி, அதை ஆற்றுப் பக்கத்துத் தண்ணீருக்கு மாற்றினோம். இடுப்பளவு தண்ணீரில் ஆள் மாற்றி ஆள் தூளியைப் பிடித்துக்கொண்டு நின்றோம், மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. கிடேரி எடைக்குக் கணக்குப் போட்டு நீ பென்சிலின் போட்டாய். முதலில் மீனைத் தொடவில்லை. பிறகு கானாங்கெளுத்தி தின்றது. ஒரு நாள் தூளியை விட்டுத் தானே நீந்தி, மணல்மேட்டுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. இன்னும் புண் ஆறவில்லையே என்றேன் நான். தெம்பு வராமல் அனுப்பக் கூடாது என்று நீதானே சொன்னாய் என்றேன்.

"போவணும்னு அது திரும்பிடுச்சுடா. புடிச்சு வெக்க நாம யாரு?"

மேட்டை மண்வெட்டியால் வெட்டி வழிவிட்டார்கள். போய்விட்டது. கொஞ்ச நாள் கழித்துத் தெற்கே ஏதோ குப்பத்தில் செத்த ஓங்கில் ஒன்று ஒதுங்கியது என்று கேள்விப்பட்டு லீவு போட்டு ஓடினாய். அழுகியிருந்தது, அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போது "அது இல்லடா" என்றாய். மறுநாள் பால் கறக்கும்போது "அதுவா இருக்குமோ?" என்றாய். கடைசி வரைக்கும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எது ஒதுங்கினாலும் கன்னியப்பன் ஆள் அனுப்புவான், நீ என்னை எழுப்புவாய், நான் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை உதைப்பேன். சில போயின. ஒன்றிரண்டு நம் கையிலேயே செத்தன. குப்பத்துப் பெண்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் புதைத்தார்கள். நீ தூரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். ஒவ்வொரு தடவையும் விடுகிற நேரம் வந்தால் எனக்கு ஒரே குழப்பம். ஒரு நாள் 'தெம்பு வரட்டும்' என்பாய், ஒரு நாள் 'புடிச்சு வெக்காதே' என்பாய். எதை வைத்து முடிவு செய்கிறாய் என்று கேட்டால், அதன் மூச்சைக் கேள் என்பாய். நான் கேட்டேன். எனக்கு மூச்சுதான் கேட்டது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் உன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தாய். "ஏகா, வூட்டுக்குப் போவலாம்டா" என்று கேட்டாய். ஒரு தடவை இல்லை, நான் பக்கத்தில் வரும்போதெல்லாம் கேட்டாய். பெரிய டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார். நானும் உன் வார்த்தையையே எடுத்து உன்னிடம் சொன்னேன்.

"தெம்பு வரட்டும்க்கா. தெம்பு வராம எதையும் அனுப்பக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நான் இன்னா ஓங்கிலாடா?" என்றாய். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அது சும்மா திரும்பியதா அக்கா? இல்லை, போக வேண்டும் என்று திரும்பியதா? அந்த மூச்சையும் நான் கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். நீ அங்கேயே, அந்த இரும்புக் கட்டிலிலேயே போய்விட்டாய். வீட்டுக்கு உன்னை நான் கொண்டுவந்தபோது உனக்கு அது தெரியாது.

நான் பண்ணியது சரியா? என் பெண்டாட்டி சரி என்கிறாள். பெரிய டாக்டர் சரி என்கிறார். உன்னை ஒருத்தியைத்தான் கேட்க வேண்டும், உன்னைத்தான் கேட்க முடியவில்லை.

போகட்டும். வேன் முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கன்னியப்பன் எவ்வளவு வாயாடி என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிச் சத்தத்தில் பேச முடியவில்லை போல என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தேன். யாரும் தள்ளவில்லை, யாரும் வாலைப் பிடிக்கவில்லை. நான்கு கழி நட்டுப் பாய்த் துணியால் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மணல் அணை. மேலே ஈரத் துணி, மூக்கை மட்டும் விட்டு. ஒரு பெண் குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து மூக்கில் படாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். நீ சொல்லிக் கொடுத்தது ஒன்றுகூட மாறவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து, அம்மா வரவில்லையா என்று கேட்டாள். கன்னியப்பன்தான் முந்திக்கொண்டான்.

"அம்மாவுக்குத் தோதுப்படல. தம்பியை அனுப்பிச்சிக்கீறாங்க."

அவ்வளவுதான். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள், உன் முகத்தைப் பார்ப்பதுபோல. பையில் கத்தரிக்கோல், பஞ்சு, உன் தெர்மாமீட்டர், காய்ந்துபோன மருந்துக் குப்பிகள். ஊசி மருந்து எல்லாவற்றையும் உன் ஆபீசில் திருப்பிக் கொடுத்தாயிற்று. உன் இடத்துக்கு வந்திருக்கிற டாக்டரோ லீவில் ஊருக்குப் போயிருந்தார். நான் வெறும் கடலைக்காரன். ஆனாலும் உட்கார்ந்தேன். துடுப்போடு சுற்றியிருந்த நைலான் வலைக் கயிற்றை நறுக்கி எடுத்தேன். தூளி கட்டச் சொன்னேன். ஆற்றுப் பக்கத்துக்கு மாற்றினோம், அது கடலுக்குள் தப்பிப் போய் மறுபடி ஒதுங்காமல் இருக்க, மணல்மேடு உடைந்து திறந்திருந்த இடத்தில் குறுக்கே வலை கட்டினோம். சொன்னதெல்லாம் நான், குரல் உன்னுடையது. ஒருவனைக் 'கபோதி' என்றுகூடத் திட்டிவிட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக மீன் எடுத்தது. பிறகு எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. மூச்சில் வாடை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பொழைக்குமா போகுமா என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒரு நாள் வலைக்குப் பக்கத்தில் போய், கடல் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. மூக்கால் வலையை மெல்ல இடித்தது. தளர்ந்து சாய்ந்தது, நாங்கள் ஓடித் தூளியில் தாங்கினோம். மறுபடியும் அங்கேயே போக முண்டியது.

விட்டால் அலையில் முங்கிப் போய்விடுமோ? பிடித்து வைத்தால் இங்கேயே தவித்துச் செத்துப்போகுமோ? இரண்டுக்கும் நீ சொன்ன வார்த்தை என்னிடம் இருக்கிறது. எது இதற்கு என்றுதான் நீ சொல்லவில்லை.

தூளியின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் கன்னியப்பன். மற்றவர்கள் கரையில் இருந்தார்கள். வலையை அவிழ்க்கலாமா, அம்மா என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அவன் கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம், அவன் மேல் இல்லை, உன் மேல்.

"கன்னியப்பா, அக்கா இல்லடா. ஆவணியிலயே போயிட்டாங்க."

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"தெரியும்ண்ணே. நீ பை எடுக்க உள்ள போனியே, அப்பவே படத்தப் பாத்துட்டேன். மாலை போட்டிருந்துச்சு. நீ சொல்லல, நானும் கேக்கல. அம்மா இல்லன்னு தெரிஞ்சா எங்காளுங்க அன்னிக்கே தள்ளி வுட்டிருப்பாங்க."

வழியெல்லாம் அவன் ஏன் பேசவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும்தான். துடைக்க முடியவில்லை, நான்கு கையும் தூளியில் இருந்தன. கரையில் இருந்தவர்கள் அலைத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். நடுவில் அது ஒரு தடவை 'புஸ்' என்று மூச்சுவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் நனைத்தது. நாற்றம் தாங்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தோம்.

அதற்கப்புறம் நான் செய்ததை நன்றாக யோசித்துச் செய்ததாக நினைக்காதே. எது சரி என்று தெரியாமல்தான் இரண்டையும் செய்தேன். வலையை ஒரு ஓரம் அவிழ்த்துவிடச் சொன்னேன், அது நுழைகிற அகலத்துக்கு. ஆனால் யாரும் கரையேறக் கூடாது, தூளி அப்படியே தண்ணீரில் இருக்கட்டும், மீன் கூடையும் இருக்கட்டும் என்றேன். போனால் போகட்டும். இருந்தால் தாங்குவோம். கன்னியப்பன் என்னைக் குழப்பமாகப் பார்த்தான். அம்மா இப்படி ஒரு நாளும் செய்ததில்லையே என்றான். எனக்கும் அது தெரியும்.

அது போகவில்லை அக்கா.

திறந்த இடத்துக்குப் போயிற்று, முகத்தை வெளியே நீட்டிற்று, திரும்பி வந்து தூளியில் சாய்ந்துகொண்டது. மீன் தின்றது. தூங்கியது. மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தது. வழி திறந்துதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதும் அந்த முண்டல் நின்றுவிட்டது. பிறகு ஒரு காலையில், தண்ணீர் ஏறி வந்த நேரம், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வெளியே போனது. அவசரமே இல்லை. அலைக்கு அப்பால் ஒரு தடவை முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. பொழைத்ததா என்று கேட்காதே. இதிலும் எனக்குத் தெரியாது.

வேன் திரும்பி வருகிற வழியில்தான் எனக்கு அந்த நினைப்பு வந்தது, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் தெரிகிற மாதிரிக் கட்டிலைப் போட்டிருக்கலாம். குளுக்கோஸ் பாட்டிலை உன் பை மாட்டுகிற ஆணியிலேயே மாட்டியிருக்கலாம். ஊசி போடக் காஞ்சிபுரத்திலிருந்து நர்ஸைக் கூட்டிவந்து கூட வைத்திருக்கலாம். வைப்பது, அனுப்புவது என்று இரண்டுதான் இருக்கிறதென்று நினைத்தேன். வலையை அவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கலாம் என்று எனக்கு ஆவணியில் தெரியவில்லை, மாசியில்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் நீ போயிருப்பாயா? இல்லை, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்மேல் சாய்ந்துகொண்டிருப்பாயா?

நீ பதில் சொல்ல மாட்டாய். சரி, நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தக் குப்பத்துக்கு நீ இன்னும் உத்திரமேரூரில்தான் இருக்கிறாய், உடம்புக்குத் தோதுப்படாமல் வர முடியாமல் இருக்கிறாய். கன்னியப்பனும் நானும் அதை மாற்றப் போவதில்லை என்று பேசிக்கொண்டோம். எது ஒதுங்கினாலும் வேன் வரும். களத்தில் கடலை கிடந்தாலும் நெல் கிடந்தாலும் போட்டது போட்டபடி பையை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவேன். முணுமுணுக்கமாட்டேன். அம்மா வரவில்லையா என்று கேட்பார்கள். இனிமேல் கன்னியப்பன் முந்திக்கொள்ள வேண்டாம், நானே சொல்வேன், என்னை அனுப்பிச்சிக்கீறாங்க என்று.

அது பொய் இல்லையே அக்கா?

நீ அனுப்பிய ஆள்,
உன் கபோதித் தம்பி
ஏகாம்பரம்